இரண்டு குறிப்பேடுகள்

பொய் கூறல் தீது என்று பிள்ளைகளுக்குக் கற்பித்தே முப்பது ஆண்டுகளைக் கழித்தவன் நான். அத்தகைய நான் ஐம்பத்தெட்டாம் வயதில் தோசைக் கணக்கில் பொய் எழுதினேன். நான்கு உண்டுவிட்டு இரண்டு என்று எழுதினேன்.

எழுதிய இடம், உணவியல் வல்லுநர் ஒருவர் எனக்குத் தந்த குறிப்பேடு. இனிப்புநீர் நோய் கண்டபின், தனியே ஆலோசனை நிலையம் நடத்தும் அவ்வம்மையாரை நாடிச் சென்றேன். மலேசியாவில் 2016ஆம் ஆண்டில் இயற்றப்பெற்ற துணைச் சுகாதாரத் தொழில்கள் சட்டம், உணவியல் வல்லுநரையும் பதிவுக்குரியோர் வரிசையில் சேர்த்துள்ளது. கற்றுத் தேர்ந்தவர் யார், சத்துமாவு டின் விற்க வந்தவர் யார் என்று நம்மனோர் பிரித்தறிய அஃது உதவும்.

பணமும் கொடுத்துப் பொய்யும் சொல்லுவானேன்? நெடுநாள் இதனை எண்ணினேன். வலி நமக்கு நேர்வது; உணவோ நாம் செய்வது. எனவே, என்ன உண்டாய் என்று வினவுவோர் நம் ஒழுக்கத்தையே வினவுவதாகத் தோன்றிவிடுகிறது. முன்பு ஓரிடத்தில் என் உணவுக் கணக்கைக் கேட்டவர் முகம் சுளித்ததும் நினைவில் இருந்தது. இம்முறையேனும் நல்ல மாணவன் என்று பெயர் வாங்க விரும்பினேன்.

ஆயின், உடலும் ஒரு குறிப்பேடு வைத்திருக்கிறது. குருதியின் சிவப்பணு ஏறத்தாழ 120 நாள் வாழ்கிறது. அந்நாள்களிலெல்லாம் குருதியிலுள்ள சர்க்கரை அதில் படிந்துகொண்டே வருகிறது. மூன்று மாதச் சர்க்கரைப் பரிசோதனை அளப்பது இப்படிவைத்தான். என் ஏட்டில் இருந்தவை இரண்டு தோசை. குருதியின் ஏட்டிலோ நான்கு தோசையும், கெட்டிப்பால் ஊற்றிய தேநீரும், மாலையில் ஒருவரும் அறியாமல் உண்ட ரொட்டி சானாயும் பதிவாகியிருந்தன.

அம்மையார் இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தார், சினக்கவில்லை. “ஐயா, நீங்கள் எழுதியது மெய்யானால், மாத்திரை போதவில்லை என்று உங்கள் மருத்துவருக்கு நான் தெரிவிக்க வேண்டும். அவர் அளவைக் கூட்டக்கூடும். பிறகொரு நாள் நீங்கள் உண்மையாகவே இரண்டோடு நிறுத்தினால், சர்க்கரை மிகத் தாழ்ந்து மயங்கி விழ நேரும்” என்றார். நான் உட்கொண்ட மாத்திரை, உணவு குறைந்தாலும் தன் வேலையை நிறுத்தாத வகையைச் சேர்ந்தது.

என் பொய் என்னோடு நின்றுவிடும் என்றன்றோ நினைத்திருந்தேன்! வள்ளுவர் மருத்துவத்தை நோயாளி, மருத்துவர், மருந்து, உடனிருந்து பேணுவோர் என நான்காகப் பகுத்து, நோயாளியையே முதலில் வைத்தார். வகுப்பில் அக்குறளைப் பன்முறை விளக்கியிருக்கிறேன். முதலாமவன் பொய்த்தால் ஏனைய மூன்றும் பிழைபடும் என்பது ஒருமுறையும் எனக்கு உறைத்ததில்லை. சர்க்கரை குறையாதது கண்டு, என் மனைவி தன் சமையலையே நொந்துகொண்டாள். குழம்பில் தேங்காய் சேர்ப்பதையும் விட்டாள். நானோ வாளாவிருந்தேன். அப்பொய்யில் இன்றும் என்னை உறுத்துவது அதுதான்.

அம்மையார் அடுத்து, எத்தனை தோசை என்று கேட்கவில்லை. எந்த வேளையில் பசி பொறுக்க முடியாமற் போகிறது என்று கேட்டார். நண்பகல் உணவை ஒத்திப்போட்டு மாலை வரை பாடம் நடத்தும் என் பழக்கம் அப்போது வெளிப்பட்டது. தோசையை அவர் விலக்கவில்லை. தட்டில் பாதி காய்கனி, கால் பங்கு சோறோ தோசையோ, கால் பங்கு மீனோ பருப்போ என்று வரைந்து காட்டினார். மறுவாரம் என் ஏட்டில் ரொட்டி சானாய் முதன்முறையாக இடம்பெற்றது.

அது என் வாய்மையா, அவர் பொறுமையின் விளைவா என்று இன்றும் என்னால் துணிந்து கூற இயலவில்லை. அச்சமின்றிச் சொல்லும் இடத்தில் மட்டும் மெய் பேசுவதை அறம் என்று கொள்ளலாமா? முன்பின் அறியாத ஒருவரிடம், கட்டணம் செலுத்தி, கதவடைத்த அறையில் அரைமணி நேரத்தில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். மனைவியிடம் சொல்வதற்கு மேலும் ஒன்பது நாள் பிடித்தது.