கேட்டு வாங்கு!

விண்ணப்பத்தில் 'தந்தை பெயர்', 'நிரந்தர முகவரி' என்ற இடம் வந்ததும் உன் பேனா நிற்கிறதா? பெண் பார்க்கப் போன வீட்டில் "உங்க பக்கத்துல பேச யாரு வந்திருக்காங்க?" என்று கேட்டதும் தொண்டை அடைக்கிறதா? காய்ச்சலில் உடம்பு அனலாய்க் கொதிக்கும்போதும் "பரவாயில்ல, நான் பாத்துக்கறேன்" என்று சொல்லி இழுத்துப் போர்த்திக்கொண்டு படுக்கிறாயா? காப்பகத்தில் வளர்ந்த தம்பியே, அடுத்தவர் வீட்டில் வளர்ப்புப் பிள்ளையாய் வளர்ந்த தங்கையே, உன்னோடுதான் பேசுகிறேன்.

இருக்கும் இடம் என்றைக்கு வேண்டுமானாலும் கைவிட்டுப் போகும் என்று கண்டு வளர்ந்த பிள்ளை, தின்பண்டத்தைத் தலையணைக்கு அடியில் ஒளித்துவைக்கும். யாரோடும் ஒட்டாது. வாய்விட்டு எதையும் கேட்காது. அன்றைக்கு உன்னைக் காத்த புத்தி அது, அதற்காக வெட்கப்படாதே! ஆனால் முப்பது வயதிலும் அதுவே உன்னை ஆட்டிவைக்கிறது. மேலாளர் முகம் சுளித்தால் மறுநாளே வேறு வேலை தேடுகிறாய். பிரியம் வைத்தவர் நெருங்கி வந்தால், அவர் விட்டுப்போவதற்குள் நீ விலகிக்கொள்கிறாய். போதும். இனி கேட்கப் பழகு!

லெம் சிசே என்ற கவிஞரைப் பார். எத்தியோப்பியாவிலிருந்து இங்கிலாந்துக்குப் படிக்க வந்த பெண்ணுக்கு 1967-ல் பிறந்தவர். அதிகாரிகள் குழந்தைக்கு நார்மன் என்று வேறு பெயர் சூட்டி, ஒரு வளர்ப்புக் குடும்பத்திடம் ஒப்படைத்தார்கள். அவர்களைத்தான் அம்மா, அப்பா என்று நம்பி வளர்ந்தார். பன்னிரண்டு வயதில் அந்தக் குடும்பமே "வேண்டாம்" என்று திருப்பி அனுப்பியது. அதன்பிறகு காப்பகம் மாற்றிக் காப்பகம். வெளியேறும் வயதில்தான் பிறப்புச் சான்றிதழ் கைக்கு வந்தது. சொந்தப் பெயரே அப்போதுதான் தெரிந்தது. பெற்றவள் பிள்ளையைத் திருப்பிக் கேட்டு 1968-லேயே எழுதிய கடிதமும் கிடைத்தது. அம்மா கேட்டிருக்கிறாள்! அவர்கள்தான் கொடுக்கவில்லை.

அவர் உடைந்து உட்காரவில்லை. அம்மாவைத் தேடிக் கண்டுபிடித்தார். தன்னைப் பற்றி அரசு எழுதிவைத்த கோப்புகளைக் கொடு என்று வருடக்கணக்காய் விடாமல் கேட்டார். 2015-ல் கோப்பு கைக்கு வந்தது. அதே ஆண்டு மான்செஸ்டர் பல்கலைக்கழகம் அவரை வேந்தராக்கியது. வழக்குப் போட்டு, 2018-ல், தன்னை வளர்க்கும் பொறுப்பில் இருந்த விகன் நகர நிர்வாகத்திடம் மன்னிப்பும் இழப்பீடும் வாங்கினார். காயம் இல்லாதவரா அவர்? காயத்தோடுதான் நிமிர்ந்து நின்று கேட்டார்.

"காலம் கடந்துவிட்டது" என்கிறாயா? ஹவாயின் கவாய் தீவில் 1955-ல் பிறந்த 698 குழந்தைகளை எம்மி வெர்னர் என்ற உளவியலாளரும் அவருடைய குழுவினரும் நாற்பது வயது வரை பின்தொடர்ந்தார்கள். வறுமையிலும் குடும்பச் சிக்கலிலும் வளர்ந்தவர்களில் மூன்றில் ஒரு பங்கினர் நன்றாகவே தேறினார்கள். அக்கறையோடு நிலைத்து நின்ற பெரியவர் ஒருவராவது அவர்களுக்கு வாய்த்திருந்தார். விடலைப் பருவத்தில் தடம் புரண்டவர்களிலும் பெரும்பாலோர் முப்பதுகளில் மீண்டார்கள். படிப்பைத் தொடர்ந்ததும் நல்ல துணை அமைந்ததும் அவர்களைத் தூக்கிவிட்டன. எனக்கு மிகவும் பிடித்த செய்தி இது. சின்ன வயதில் கிடைக்காத அந்த ஒரு மனிதரை இப்போதும் தேடிக்கொள்ளலாம்! உன் பழைய ஆசிரியராக இருக்கலாம், விடுதி வார்டன் அக்காவாக இருக்கலாம். இன்றைக்கே போன் போடு. "எனக்கு உங்க உதவி வேணும்" என்று வாய் திறந்து சொல்.

உனக்குச் சேர வேண்டியதையும் விடாதே. 18 வயதில் காப்பகத்தை விட்டு வெளியேறுபவருக்கு நிதியுதவி தரலாம் என்று 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம், 46-ஆம் பிரிவில் சொல்கிறது. அரசின் மிஷன் வாத்சல்யா திட்டத்தில் மாதம் 4,000 ரூபாய்க்கு வழி இருக்கிறது, 21 வயது வரை. 'தரலாம்' என்றுதான் சட்டம் சொல்கிறது. கேட்காதவரைத் தேடிவந்து யார் தருவார்கள்? மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்குப் போ. மனு எழுது, ஒப்புகைச் சீட்டு வாங்கு. "நாளைக்கு வா" என்றால் நாளைக்கும் போய் நில். உன்னைப் பற்றிய பதிவுகளையும் கேள்.

உனக்கு வயது கடந்துவிட்டதா? நீ வளர்ந்த காப்பகத்தில் பதினேழு வயதுப் பிள்ளை ஒருத்தி, அடுத்த பிறந்தநாளுக்குப் பிறகு எங்கே போவது என்று தெரியாமல் இருப்பாள். போ, அவளுக்கு மனு எழுதிக் கொடு. அலுவலகத்துக்குக் கூட்டிப்போ. "உங்க பக்கத்துல யாரு?" என்று யாராவது கேட்டால், நீ முன்னால் போய் நில்!