வாத்தியார் எழுதிய பாட்டு

ஜெர்மனியின் லைப்சிக் நகரில், 1723 முதல் 1750இல் கண்மூடும் வரை, தேவாலயப் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுத்தவர் இசைமேதை பாக். முதல் சில ஆண்டுகளில் ஏறக்குறைய வாரம் ஒரு புதுப் படைப்பு. ஞாயிறு வழிபாட்டுக்குள் எழுதி, பழக்கி, பாட வைத்தாக வேண்டும். அந்த அவசரத்தில் பிறந்தவைதான் இன்றும் உலகெங்கும் ஒலிக்கின்றன.

நம் கொங்கு மண்ணிலும் ஒரு வாத்தியார் இருந்தார். பகத்சிங் தூக்கிலிடப்பட்டதைக் கண்டித்து பி.ஏ. தேர்வையே எழுதாமல் விட்டவர். பெரியநாயக்கன்பாளையம் ராமகிருஷ்ண வித்யாலயத்தில் பாடம் நடத்தியவர். பத்துத் தொகுதித் தமிழ்க் கலைக்களஞ்சியத்தின் முதன்மைப் பதிப்பாசிரியர். அத்தனை வேலைக்கும் நடுவே நூற்றுக்கணக்கில் கீர்த்தனைகள் எழுதினார். அவர்தான் பெ. தூரன். 1987இல் மறைந்தார்; ஆனாலும் சாவேரி ராகத்தில் அவருடைய ‘முருகா முருகா’ பாட்டை எடுத்தால் இன்றும் சபை நிமிர்ந்து உட்காருகிறது.

இருவருமே ஓய்வு கிடைக்கட்டும் என்று காத்திருக்கவில்லை. ‘வேலை முடியட்டும், அப்புறம் பார்க்கலாம்’ என்று ஆசையை மூட்டை கட்டி வைத்திருக்கிறீர்களா? வேலை ஒருநாளும் முடியாது. இன்றைக்கே அரைமணி நேரம் ஒதுக்கித் தொடங்குங்கள்.