பன்றிவளர்ப்பும் வேட்டையும்

கீழ்பென்னாத்தூர் முதலிய அண்ணாமலைச் சூழலூர்களில் மணிலாக்கொட்டைக் கொல்லையொன்று காட்டுப்பன்றியால் ஓரிரவிற் பாழாயின், அவ்வுழவன் படும் துயரைச் சைவர் எளிதாக எண்ணலாகாது. பன்றியுடம்பிற் புகுந்ததும் வினைவழிப்பட்ட ஆன்மாவே; பசித்திருக்கும் மக்களும் அத்தகையரே. ஆதலின், ‘கொல்லற்க’ எனக் கூறி அகன்றுவிடுதல் போதாது. கொல்ல நேருங்கால் எவர், எத்துணை அறிந்து, எவ்வெல்லைக்குட் கொல்வது என்பதே ஈண்டு ஆராயற்பாலது.

காட்டுப்பன்றி வேட்டையை 1972-ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் தடுத்தது. 2025 ஜனவரியில் தமிழ்நாட்டரசு ஒரு முறை வகுத்தது: காப்புக்காட்டிலிருந்து 1 கிலோமீட்டர் வரை சுடலாகாது, 1 முதல் 3 வரை பிடித்துக் காட்டில் விடுதல் வேண்டும், 3-க்கு அப்பால் வனத்துறையினரே சுடலாம். உழவர் கையில் துப்பாக்கி கொடாமை சிலர்க்குக் குறையாகத் தோன்றும். அது குறையன்று. இருளிற் சுடுவோன், எதிரே நிற்பது குட்டியீன்ற தாயோ என்பதை எங்ஙனம் அறிவான்?

திருவிளையாடற்புராணத்திற் பாண்டியன் வேட்டையால் தாயும் தந்தையும் மடிய, பன்னிரு பன்றிக்குட்டிகள் பாலின்றித் தவித்தன. பன்றியாய் நிலம் அகழ்ந்த திருமாலுக்கு அண்ணாமலையில் அடி காட்டாத பெருமான், அக்குட்டிகட்குத் தாமே தாய்ப்பன்றியாய் வந்து முலையூட்டினர். அவை முற்பிறப்பிற் குருவை இகழ்ந்தவை என்பதும் அவ்வருளுக்குத் தடையாயிற்றில்லை.

வேட்டைக்கென்றே வேலிக்குட் பன்றி வளர்க்கும் தொழில் அமெரிக்காவில் உண்டு. தப்பியோடியவை பெருகி வயல்களை அழித்தன. மிச்சிகன் மாநிலம் 2010-இல் அவ்வயற்பன்றிகளை வைத்திருத்தலையே தடுத்து ஆணையிட்டது. மண்ணும் பயிரும் காத்தலே அதன் கருத்து. சித்தாந்தி காணும் குற்றமோ வேறு. இரையூட்டி வளர்த்தவன் தாயெது, குட்டியெது என்பதை அறிவான். அறிந்தே அதனைப் பிறர் களிப்புக்குக் குறியாக்குகின்றான். கண்ணப்பரும் பன்றி வேட்டையாடினரன்றோ எனின், வேட்டை அவர்தம் குலத்தொழில். ஐயன் ஏற்றது அவர்தம் அன்பினை. காசு கொடுத்துக் கொல்லும் விளையாட்டிற்கு அவரைச் சான்றாக்குதல் தகாது.

நம் நாட்டில் எஞ்சுவது விலைக்கு வளர்க்கும் பன்றியே. ஊன் வாங்குவோர் உள்ளவரை அவ்வாணிகம் ஒழியாது. விதியால் கொடுமையைக் குறைத்தலே கூடும். 2001-ஆம் ஆண்டின் அறுப்புக்கூட விதிகள் சினையுற்ற விலங்கையும், மூன்று திங்களுக்குட்பட்ட குட்டியுடைய தாயையும், அவ்வயது நிரம்பாத குட்டியையும் அறுக்கலாகாதெனத் தடுக்கின்றன. கால்நடை மருத்துவர் சான்றும் வேண்டுமென்கின்றன. ஊர்ப்புறத்து மறைவில் அறுக்கப்படும் தாய்ப்பன்றிக்கு அச்சான்றினைக் கேட்பார் யாவர்?