அறியாமல் சுமந்தவர்கள்

நம்மவர் நிறையப்பேர் வாழும் ஸ்காபறோவின் மல்வேண் பகுதியில் மக்ளூர் கிறசென்ற் என்றொரு தெரு உண்டு. 1980 இல் அங்கே வீட்டு வளவுகளின் மண்ணில் றேடியம் கலந்திருப்பது தெரியவந்தது. 1940களில், அவ்விடம் பண்ணைக் காணியாக இருந்தபோது நடந்த றேடியம் வேலையின் மிச்சம் அது. மண்ணை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது என்ற பிணக்கிலேயே ஆண்டுகள் கழிந்தன. 1995 இல் தோண்டியெடுத்து, பெரும்பகுதியை ஸ்காபறோவிலேயே, பாஸ்மோர் அவெனியூவில் குவித்தார்கள். மண் இடம் மாறியதே தவிர றேடியம் அழிந்துவிடவில்லை.

அதை எரித்தும் அழிக்க முடியாது. நெருப்பின் வேலை அணுவின் வெளிப்புற இலத்திரன்களோடு முடிந்துவிடும். கதிர்த்தொழிற்பாடு கருவினுள்ளே நடப்பது. 88 புரோத்தன்கள் கொண்ட றேடியம் 226 இன் கரு, இரண்டு புரோத்தன்களையும் இரண்டு நியூத்திரன்களையும் ஒன்றாக, அல்பாத் துணிக்கையாக வீசிவிட்டு றேடன் வாயுவாகிறது. அதுவும் தேய்ந்து, பல படிகள் கடந்து, கடைசியில் ஈயமாகிறது. றேடியத்தின் அரைவாழ்வுக் காலம் ஏறத்தாழ 1600 வருடங்கள். அவ்வளவு காலம் பின்னோக்கிப் போனால் இராசராசன் பிறப்பதற்கே இன்னும் ஐந்நூறு வருடங்கள் இருக்கும். அத்தனை காலம் போனாலும் பாதிதான் குறையும்.

ஒரு தனியணு எப்போது சிதையும் என்று எவராலும் சொல்ல முடியாது. கோடானுகோடி அணுக்களில் பாதி எப்போது சிதைந்திருக்கும் என்பதையோ கணக்காகச் சொல்லலாம். கதிர்வீச்சின் தீங்கும் இப்படித்தான். நோயாளர் கூடுவர் என்று தெரியும். இன்னாருக்குத்தான் வரும் என்று தெரியாது. 'என்னால் நோயானவனைக் காட்டு' என்று கேட்டுத் தப்பிக்கொள்வது ஆகவே சுலபம்.

அப்படித் தப்பிக்க நினையாத மனிதரும் இந்த நாட்டில் இருக்கிறார்கள். வடக்கே கிறேற் பெயர் ஏரிக்கரையில் றேடியத்துக்காக வெட்டிய சுரங்கத்தின் தாது, ரொறன்ரோவுக்குக் கிழக்கேயுள்ள போர்ட் ஹோப்பில் சுத்திகரிக்கப்பட்டது. பின்னர் அதே தாதின் யுரேனியம் அமெரிக்காவின் அணுகுண்டுத் திட்டத்துக்குப் போனது. தாது மூட்டைகளைச் சுமந்தவர்களில் டெனே பழங்குடியினரும் இருந்தனர். எதைச் சுமக்கிறோம் என்று யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லை. சுமந்தவர்கள் பலர் புற்றுநோயால் செத்ததாக அவர்களது ஊரார் சொல்கிறார்கள். இருந்தும் 1998 இல் டெலினே ஊரிலிருந்து ஒரு குழு ஹிரோஷிமாவுக்குப் போய் மன்னிப்புக் கேட்டது.

அறியாமல் செய்தது குற்றமாகாது என்றே நாம் கற்றிருக்கிறோம். டெனே மக்கள் தங்களைக் குற்றவாளிகள் என்று சொல்லிக்கொள்ளவில்லை என்பது எமது எண்ணம். தம் கை பட்ட ஒன்று பிறர் தலையில் விழுந்தது என்று தெரிந்தபின், அதைத் தெரியாததுபோல் இருக்க அவர்களால் முடியவில்லை.

கோப்பை கழுவிச் சேர்த்த டொலரை நாமும் எத்தனையோ உண்டியல்களில் போட்டிருக்கிறோம். அது எங்கே போகிறது, யார் தலையில் என்னவாக விழுகிறது என்று அன்று கேட்கவில்லை. இன்று கேட்டால், 'அதெல்லாம் பழைய கதை' என்கிறோம். காலம் தானாக எதையும் முற்றாகக் கழுவிவிடாது என்பதைப் பாஸ்மோர் அவெனியூ மண்ணிடமாவது நாம் கற்றுக்கொள்ளலாம்.