கோழிக்கும் கணக்கு உண்டு

திண்டுக்கல் சீமை மக்களே, என் உறவுகளே, ஒரு நிமிடம் நின்று கேளுங்கள்.

பனி விலகிவிட்டது. மலைக்கோட்டைப் பாறை காலையிலேயே சுடத் தொடங்கிவிட்டது. மாசியும் பங்குனியும் எதைக் கொண்டுவரும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. முதல் நாள் ஒரு வீட்டில் ஒரு பெட்டைக்கோழி தூங்கி விழும். மறுநாள் அடுத்த வீட்டில் இரண்டு கோழிகள் வெள்ளையும் பச்சையுமாகக் கழியும். அதற்கு மறுநாள் ஒரு சேவலின் கழுத்து திருகிக்கொள்ளும். வாரம் திரும்புவதற்குள் தெருவே காலியாகிவிடும். பிறகு நாம் திண்ணையில் உட்கார்ந்து, "சீக்கு வந்து வாரிக்கிட்டுப் போயிருச்சு" என்று சொல்லுவோம். வாரிக்கொண்டு போனது சீக்குதான். கதவைத் திறந்து வைத்தவர்கள் யார்?

இந்த நோய் இன்று நேற்று வந்ததில்லை. 1926-இல் சாவகத் தீவிலும் இங்கிலாந்தின் நியூகாசில் நகரிலும் கண்டறியப்பட்டது. அடுத்த ஓரிரு ஆண்டுகளில் இமயமலைப் பகுதியில் உள்ள ராணிக்கெட்டில் தெரிந்தது. அந்த ஊர்ப் பெயரே நம் நாட்டில் அதற்கு நிலைத்துவிட்டது. நாம் வெள்ளைக்கழிச்சல் என்கிறோம். இது வைரஸ் நோய். வந்த பிறகு தீர்க்கும் மருந்து கிடையாது. தடுப்பு மருந்து போடாத கூட்டத்தில் புகுந்தால் ஒரு கோழியைக்கூட மிச்சம் வைக்காமல் போகக்கூடியது. ஆனால் வருமுன் தடுக்க மருந்து உண்டு. குஞ்சு பிறந்து ஏழு நாளுக்குள் கண்ணிலோ மூக்கிலோ ஒரு சொட்டு. எட்டு வாரம் கடந்தால் இறக்கையடியில் ஓர் ஊசி. இதற்காகக் கால்நடை பராமரிப்புத் துறை ஆண்டுதோறும் பிப்ரவரியை ஒட்டி இருவார முகாம் நடத்துகிறது. காசு வாங்குவதில்லை. ஊருக்கே வந்து போடுகிறார்கள்.

வந்தும் நாம் போவதில்லை. "கோழி மேயப் போயிருச்சு" என்கிறோம். "பிடிக்க முடியல" என்கிறோம். "நாளைக்குப் பாத்துக்கலாம்" என்கிறோம். நாளைக்கு என்று சொல்லாதீர்கள், என் மக்களே. அந்த நாளைக்குள்தான் சாவு உட்கார்ந்திருக்கிறது.

மனுநீதிச் சோழன் அரண்மனையில் பசு இழுக்க ஒரு மணி தொங்கியது என்று பிள்ளைகளுக்குக் கதை சொல்கிறோம். பஞ்சாரத்துக்குள் கிடக்கும் கோழிக்கு இழுக்க எந்த மணி இருக்கிறது? அது தன் நோயை ஒளிக்கும் பிராணி. தளர்ந்ததைக் கண்டால் மற்றக் கோழிகள் கொத்தும், பருந்து தூக்கும் என்று அதற்குத் தெரியும். அதனால் முடிந்தவரை நிமிர்ந்தே நிற்கும். இறகைச் சிலிர்த்துக்கொண்டு அது மூலையில் ஒதுங்குவதை நீங்கள் காணும்போது நோய் உள்ளே பல நாள் வேலை பார்த்து முடித்திருக்கும். அது கேட்கும் வரை காத்திருந்தால் அது கேட்கவே கேட்காது. கேளாமலே கொடுக்க வேண்டியது வளர்த்தவன் கடமை.

நானும் இந்தக் கணக்கில் நிற்பவன்தான். எங்கள் வீட்டில் ஒரு கருப்புப் பெட்டை இருந்தது. பிள்ளைகள் பெயர் வைத்துக் கூப்பிட்டால் ஓடிவரும். அதற்குச் சளி பிடித்து மூச்சு கறகறத்தபோது மருத்துவர் ஐந்து நாளுக்கு மருந்து கொடுத்தார். முதல் நாள் கொடுத்தேன். இரண்டாம் நாள் அது இறக்கையடித்துத் திமிறியது, கையைக் கொத்தியது. "அதுவே வேண்டாங்குது, விடு" என்று விட்டேன். மூன்றாம் நாள் தெம்பாக நடந்தது, நல்லதென்று நினைத்தேன். ஆறாம் நாள் காலை பஞ்சாரத்தைத் தூக்கியபோது விறைத்துக் கிடந்தது. பக்கத்தில் பாதிக்கு மேல் மருந்து மிச்சமிருந்த பாட்டில். மருந்து வேண்டாம் என்று கோழி சொன்னதாக நான் சொன்னேன். கோழி பயந்தது, அவ்வளவுதான். வேண்டாம் என்று சொன்னது என் சோம்பல்.

ஆகவே கோழியின் மேல் பழி போடாதீர்கள். பிடிக்கக் கற்றுக்கொள்ளுங்கள், கொடுக்கக் கற்றுக்கொள்ளுங்கள்.

பகலில் விரட்டாதீர்கள். விரட்டினால் நோயாளிக் கோழி அந்த ஓட்டத்திலேயே போய்விடும். பொழுது சாய்ந்து அடைந்த பிறகு மெல்லக் கையை விட்டு எடுங்கள். இருட்டில் கோழி அடங்கி இருக்கும். இறக்கையோடு சேர்த்து ஒரு பழைய துண்டில் சுற்றி மடியில் வையுங்கள். நெஞ்சை அழுத்தாதீர்கள். நமக்கு இருப்பதுபோல மூச்சை இழுத்துவிடும் உதரவிதானம் கோழிக்குக் கிடையாது. நெஞ்செலும்பு அசைந்தால்தான் அதற்கு மூச்சு. இறுக்கிப் பிடித்தால் நம் கையிலேயே திணறிச் சாகும்.

மல்லாத்திப் போட்டு வாயில் ஊற்றாதீர்கள். அலகைத் திறந்து பாருங்கள். நாக்கின் வேருக்குப் பின்னால், நடுவில், ஒரு சிறு துளை திறந்து திறந்து மூடும். அதுதான் மூச்சுக்குழல் வாய். அதில் மருந்து இறங்கினால் நேரே நுரையீரலுக்குப் போகும். தலை நிமிர்ந்தபடியே இருக்கட்டும். ஊசி கழற்றிய சிரிஞ்சால் அலகின் ஓரத்தில் ஒரு சொட்டு விடுங்கள். அது விழுங்கட்டும். பிறகு அடுத்த சொட்டு. மாத்திரை என்றால் மருத்துவர் சொன்ன அளவைப் பொடித்துச் சோற்று உருண்டைக்குள் வைத்துக் கொடுங்கள். தண்ணீரில் கலக்கச் சொன்ன மருந்தென்றால் காலையில் ஒரு மணி நேரம் வேறு தண்ணீர் வைக்காமல், அன்று குடித்துத் தீர்க்கும் அளவுக்கு மட்டும் கலந்து வையுங்கள். தடுப்பு மருந்தைக் குளோரின் கலந்த குழாய்த் தண்ணீரில் கலக்காதீர்கள், அதன் வீரியம் செத்துவிடும். பனிக்கட்டியோடு வந்த மருந்தை வெயிலில் வைக்காதீர்கள், அதுவும் செத்துவிடும். செத்த மருந்தைப் போட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்குவது, போடாமல் இருப்பதைவிடக் கொடிது.

ஐந்து நாள் என்றால் ஐந்து நாள். தெளிந்துவிட்டது என்று பாதியில் நிறுத்தாதீர்கள். பாதி மருந்து நோயைக் கொல்லாது, நோய்க்குப் பயிற்சி கொடுக்கும். வீட்டில் மனிதருக்கு வாங்கி மிஞ்சிய மாத்திரையை உடைத்துப் போடாதீர்கள். வெள்ளைக்கழிச்சலுக்கு ஆன்டிபயாட்டிக் வேலை செய்யாது. மனிதருக்குக் கடைசிக் கைப்பிடியாக உள்ள கொலிஸ்டின் என்ற மருந்தைக் கோழிக்கும் கொட்டிக் கொட்டி, அது நமக்கே பலிக்காமல் போகும் நிலை வந்தது. அதனால்தான் 2019 ஜூலையில் உணவுக்கு வளர்க்கும் உயிர்களுக்கென்று அதைத் தயாரிக்கவும் விற்கவும் நடுவண் அரசு தடை போட்டது. மருந்து கொடுத்த கோழியின் முட்டையை எத்தனை நாள் தள்ள வேண்டும் என்று மருத்துவரிடம் கேளுங்கள். அந்த நாள் கழியுமுன் பிள்ளைக்கும் கொடுக்காதீர்கள், பிறருக்கும் விற்காதீர்கள்.

இனி நெஞ்சில் கைவைத்துக் கேட்க வேண்டிய கேள்விக்கு வருகிறேன். சீக்கு வந்த கோழியை வியாழக்கிழமை அய்யலூர்ச் சந்தைக்குக் கூடையில் தூக்கிப் போனதில்லையா நம்மில் யாரும்? "போன விலைக்குப் போகட்டும்" என்று தள்ளிவிட்டதில்லையா? செத்த கோழியைக் கண்மாயில் வீசியதில்லையா, நாய் இழுத்துப்போக விட்டதில்லையா? நீங்கள் விற்றது ஒரு கோழியை. வாங்கிப் போனவன் கொண்டுபோனது ஓர் ஊரின் சாவை. அவன் வீட்டில் ஒரு கிழவி முட்டை விற்று மாத்திரை வாங்கிக்கொண்டிருப்பாள். அவள் கணக்கு உங்கள் பெயரில் ஏறும். யாரும் பார்க்கவில்லை என்று எண்ணாதீர்கள். செய்தது செய்தவனைத் தேடி வரும்.

செத்ததை ஆழக் குழி தோண்டிச் சுண்ணாம்பு போட்டுப் புதையுங்கள். சந்தையில் வாங்கிவந்ததை இரண்டு வாரமாவது தனியே அடையுங்கள். நோய்க் கோழியைத் தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

உங்கள் வீட்டுக் கோழிக்கு மட்டும் மருந்து போட்டால் போதாது. கோழிக்கு வேலி தெரியாது, நோய்க்கும் தெரியாது. ஒரு தெருவில் பத்து வீடு போட்டு இரண்டு வீடு விட்டால், அந்த இரண்டு வீட்டில் நோய் குடியிருக்கும். ஆகவே அக்கம்பக்கத்தை எழுப்புங்கள். முடியாத கிழவியின் கோழியையும் நீங்களே பிடித்துக் கொண்டுபோங்கள். கிளிமூக்கு விசிறிவால் சேவலுக்குக் கண்காட்சி வைத்துப் பெருமைப்படும் ஊர் இது. அந்தப் பெருமையில் ஒரு பங்கு, குப்பைமேட்டில் மேயும் பெயரில்லாப் பெட்டைக்கும் சேரட்டும்.

முகாம் எப்போது என்று பக்கத்துக் கால்நடை மருந்தகத்தில் இன்றே கேளுங்கள். மருந்தகம் தூரமென்றால் 1962-க்கு அழையுங்கள், ஊர்தி வரும்.

இன்று இரவு, சாப்பிட்டுக் கை கழுவிய பிறகு, படுக்கப் போகுமுன், ஒரு விளக்கை எடுத்துக்கொண்டு பஞ்சாரத்தண்டை போங்கள். ஒவ்வொன்றாக எண்ணுங்கள். கொண்டை கறுத்திருக்கிறதா பாருங்கள். மூச்சு கறகறக்கிறதா காது கொடுங்கள். பாதியில் நிறுத்திய மருந்து இருந்தால் நாளை காலை முதல் வேலையாக மருத்துவரிடம் அதைச் சொல்லுங்கள். நம்மை நம்பி அடைந்த உயிர் அது. விடிந்த பிறகு திறக்கும்போது அது எழுந்து நிற்க வேண்டும்.