வடக்கே பாலாறு

என் அப்பா திசை விரதம் எடுத்துக்கொண்டபோது அவருக்கு ஐம்பத்தெட்டு வயது. வந்தவாசிக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். மூன்று ஏக்கர் நெல் நிலம். நாங்கள் தமிழ்ச் சமணர்கள். இல்லறத்தில் இருப்பவர்களுக்கான விரதங்களில் அது ஒன்று: இன்ன திசையில் இன்ன இடம்வரைதான் போவேன், உயிர் உள்ளவரை தாண்டமாட்டேன் என்று எல்லை வகுத்துக்கொள்வது. அந்த எல்லை ஊரறிந்த ஆறாகவோ மலையாகவோ கடலாகவோ இருக்க வேண்டும். கிழக்கே கடல், வடக்கே பாலாறு, தெற்கே தென்பெண்ணை, மேற்கே சவ்வாது மலை என்று சொல்லி, பொன்னூர் மலையில் கும்பிட்டு எழுந்தார். அந்த எல்லைக்கு அப்பால் உள்ள சமணத் தலமான சிரவணபெளகொளாவுக்கு முந்தின வருடமே போய்வந்திருந்தார்.

நான் அப்போது தாம்பரத்தில் ஒரு பள்ளியில் இயற்பியல் ஆசிரியை. தாம்பரம் பாலாற்றுக்கு வடக்கே இருக்கிறது. அப்பா அதன்பின் என் வீட்டு வாசலை மிதிக்கவே இல்லை.

ஒருமுறை அழுதேன். "தெற்கே கொஞ்சம் குறைச்சுக்கோங்கப்பா, வடக்கே அந்த அளவு கூட்டிக்கோங்க" என்றேன். அவருக்குக் கோபம் வரவில்லை. "எல்லையைத் தாண்டுறது ஒரு குத்தம்மா. எல்லையை இழுத்து விரிக்கிறது இன்னொரு குத்தம். ஒரு பக்கம் கழிச்சு ஒரு பக்கம் கூட்டுறது அந்தக் குத்தம்தான்" என்றார்.

இந்த விரதத்துக்குப் பின்னால் உள்ள எண்ணம் எளியது. மனிதன் நடமாடும் இடமெல்லாம் உயிர் சாகிறது. மண், நீர், நெருப்பு, காற்று என்ற நான்கையும் உடலாகக் கொண்ட ஓரறிவு உயிர்கள் உண்டு என்கிறது சமணம். துறவி எல்லா இடத்திலும் எல்லா உயிருக்கும் தீங்கை விடுகிறான். குடும்பஸ்தனால் அது முடியாது. ஏர் ஓட்ட வேண்டும், அடுப்பு மூட்ட வேண்டும். ஆனால் எல்லை வகுத்துக்கொண்டால், அந்த எல்லைக்கு அப்பால் இருக்கும் உயிர்களைப் பொறுத்தவரை அவனும் துறவிக்குச் சமம் என்கின்றன சமண நூல்கள். பாலாற்றுக்கு வடக்கே இருந்த எறும்புக்கும் காற்றுக்கும் என் அப்பா ஒரு முனிவராக இருந்தார்.

என் தம்பி செய்யாறில் ஓர் அலுவலகத்தில் எழுத்தர். அவன், அவன் மனைவி, இரண்டு பிள்ளைகள், ஒரு ஸ்கூட்டர். ஐப்பசி மழையில் ஒரு மாலை ஈரத்தில் வண்டி சறுக்கிப் பெரியவளுக்குத் தோள்பட்டை எலும்பு முறிந்தது. 2010இல் அவன் டாடா நானோ கார் வாங்கினான்.

அந்தக் காரைச் சுற்றி நடந்த வாதத்தை நான் ஆரம்பத்திலிருந்தே பின்தொடர்ந்தேன். மழையில் ஒரு குடும்பமே ஸ்கூட்டரில் போவதைப் பார்த்துத்தான் இந்த எண்ணம் வந்தது என்று ரத்தன் டாடா சொன்னார். 2008 ஜனவரியில் டெல்லிக் கண்காட்சியில் ஒரு லட்ச ரூபாய்க் கார் என்று அதைக் காட்டினார்கள். 624 சிசி எஞ்சின், ஏறக்குறைய 600 கிலோ எடை, சான்றளிக்கப்பட்ட மைலேஜ் லிட்டருக்கு 23.6 கிலோமீட்டர். அது வெளிவரும் முன்பே, ஐ.நா.வின் பருவநிலைக் குழுவுக்குத் தலைவராக இருந்த ராஜேந்திர பச்சௌரி, அதை நினைத்தால் தனக்குக் கெட்ட கனவு வருகிறது என்றார். அந்தக் குழு நோபல் அமைதிப் பரிசு பெற்றிருந்த நேரம். கோடிக்கணக்கான பேர் ஸ்கூட்டரிலிருந்து காருக்கு மாறினால் காற்று என்னவாகும் என்பது அவர் அச்சம். பொய்யான அச்சம் என்று என்னால் சொல்ல முடியவில்லை. ஆனால் என் தம்பி மகள் கையைத் தூளியில் தொங்கவிட்டபடி உட்கார்ந்திருந்ததும் என் கண்ணில் இருந்தது.

காரை வீட்டு வாசலில் நிறுத்தியபோது, இது எவ்வளவு புகை விடும் என்று அப்பா என்னைக் கேட்டார். வகுப்பில் சொல்வதையே சொன்னேன். ஒரு லிட்டர் பெட்ரோல் முக்கால் கிலோ எடைதான் இருக்கும். எரிந்தால் வெளியே வருவது சுமார் 2.3 கிலோ கார்பன் டை ஆக்சைடு. எடை எப்படிக் கூடுகிறது என்று பிள்ளைகள் எப்போதும் கேட்பார்கள். பெட்ரோலில் உள்ள கரி, காற்றிலிருக்கும் ஆக்சிஜனையும் சேர்த்துக்கொள்கிறது, அதனால்தான். அப்பா கொஞ்சநேரம் பேசாமல் இருந்தார். "அப்போ காத்தையும் சேத்துத் தின்னுதுன்னு சொல்லு" என்றார்.

பிறகு தம்பியிடம், "வச்சிக்கோ. ஆனா இது பாவமில்லேன்னு நினைச்சிக்காதே" என்றார்.

இந்த இரண்டு வாக்கியங்களுக்கும் நடுவில்தான் என் கேள்வி இருக்கிறது. சமணம் தீங்கை நான்காகப் பிரிக்கிறது: வேண்டுமென்றே செய்வது, வீட்டு வாழ்வில் நேர்வது, தொழிலில் நேர்வது, தற்காப்பில் நேர்வது. முதலாவதை இல்லறத்தான் முழுதாக விட வேண்டும். மற்ற மூன்றையும் குறைத்துக்கொண்டே போக வேண்டும். அவை விலக்கப்படவில்லை என்பதற்காகத் தீங்கு இல்லை என்று ஆகிவிடாது. ஏர் முனையில் சாகும் புழுவுக்கு, உழுதவன் ஏழை என்பது தெரியாது.

1991இல் அனில் அகர்வாலும் சுனிதா நாராயணும் எழுதிய ஒரு சிறு நூல் ஏறக்குறைய இதே பிரிவைப் பருவநிலைப் பேச்சுக்குள் கொண்டுவந்தது. ஏழை உழவனின் நெல்வயலிலிருந்து எழும் மீத்தேனையும், பணக்கார நாட்டில் எண்ணெய் குடிக்கும் காரின் புகையையும் ஒரே தராசில் வைக்கலாமா என்று அவர்கள் கேட்டார்கள். ஒன்று பிழைப்புக்கான புகை, மற்றது சொகுசுக்கான புகை. எங்கள் மூன்று ஏக்கரிலும் நடவுக்குப் பின் தண்ணீர் தேங்கி நிற்கும். அதைப் படித்த அன்று முதன்முறையாக எங்கள் வயலும் ஓர் உலகக் கணக்கில் இருப்பதை உணர்ந்தேன். அவர்கள் சொன்னதில் இருக்கும் நியாயத்தை மனமார ஏற்கிறேன். ஆனால் பிழைப்புக்கான புகை என்ற பெயரே குற்றமின்மைக்குச் சான்றிதழாகிவிடக் கூடாது. கார் வைத்திருக்கும் குடும்பம் இந்த நாட்டில் நூற்றுக்குச் சுமார் எட்டுத்தான் என்று 2019–21 குடும்பநல ஆய்வு சொல்கிறது. மற்றவர்களும் பிழைப்புக்காகத்தான் கேட்பார்கள். ஊருக்கு நேரத்துக்கு ஒரு பேருந்து வந்திருந்தால் தம்பி கார் வாங்கியிருக்கமாட்டான். கடைசி வண்டி ஏழரைக்கே போய்விடும்.

2019இல் என் மகளுக்குக் குழந்தை பிறந்தது. அப்பாவுக்கு எழுபத்தொன்பது. கொள்ளுப்பேரனைப் பார்க்க வேண்டும் என்றார். தம்பி அவரை நானோவில் ஏற்றிக்கொண்டு மதுராந்தகம் வழியாக மாமண்டூர் வந்தான். பாலாற்றுப் பாலம் தொடங்குவதற்கு முன்னாலேயே வண்டியை ஓரம்கட்டினான். நாங்கள் வடக்கேயிருந்து மாப்பிள்ளையின் எஸ்.யூ.வி.யில் பாலம் தாண்டி வந்தோம். தென்கரையில், புளியமர நிழலில், இரண்டு வண்டிகளும் ஒன்றை ஒன்று பார்த்து நின்றன. ஒன்றைப்போல மூன்று மடங்கு எடை இன்னொன்று. அப்பா குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு ஆற்றைப் பார்த்தார். தண்ணீர் இல்லை. வெறும் மணல்.

அந்த இரண்டு வண்டிகளையும் நம் சட்டம் எப்படி அளக்கிறது என்று பிற்பாடு படித்தேன். கஃபே என்று சொல்லும் எரிபொருள் விதி 2017இல் வந்தது. ஒரு கம்பெனி விற்கும் கார்களின் சராசரிப் புகை கிலோமீட்டருக்கு 130 கிராமுக்குள், 2022க்குப் பின் 113 கிராமுக்குள். ஆனால் அது எல்லாருக்கும் ஒரே கோடு அல்ல. விற்கும் கார்களின் எடை கூடினால் அனுமதியும் கூடும், எடை குறைந்தால் கோடு இறுகும். ஒரு மின்சாரக் கார் விற்றால் சராசரிக் கணக்கில் மூன்றாக எண்ணுவார்கள், அதன் புகை பூஜ்யம் என்று எழுதுவார்கள். நம் மின்சாரத்தில் பெரும்பகுதி இன்னும் நிலக்கரியிலிருந்து வருகிறது. 2025இல் அடுத்த கட்ட விதிக்கான வரைவில் 909 கிலோவுக்கு உட்பட்ட சிறிய பெட்ரோல் கார்களுக்கு ஒரு சிறு சலுகையைச் சேர்த்தபோது கம்பெனிகள் இரண்டாகப் பிரிந்து சண்டையிட்டன. எடை குறைந்தால் பாதுகாப்பு குறையும் என்றார்கள் ஒரு தரப்பார். அதை நான் தள்ளிவிடமாட்டேன், எலும்பு முறிந்த பிள்ளை என் வீட்டுப் பிள்ளை. ஆனால் அவள் விழுந்தது காரிலிருந்து அல்ல, ஸ்கூட்டரிலிருந்து.

எனக்கு உறுத்துவது அளவுகோல். அதிகம் எடுத்துக்கொள்கிறவனுக்கு அதிகம் அனுமதி என்பது விரதத்தைத் தலைகீழாகப் பிடிப்பது. அப்பா தன் எல்லையை வகுத்தபோது தன் வீட்டின் தேவையைப் பார்த்தார். தன் ஆசையின் எடையைப் பார்த்து எல்லையைத் தள்ளி வைக்கவில்லை. சராசரி என்று சொல்லி ஒரு பக்கம் கழித்து ஒரு பக்கம் கூட்டும் கணக்கைப் பார்க்கும்போதெல்லாம், நான் அழுது கேட்டதும் அவர் மறுத்ததும் நினைவுக்கு வருகின்றன. கோடு எல்லாருக்கும் ஒன்றாக இருக்கட்டும். அதற்குள் முதல் இடம் ஸ்கூட்டரில் நான்கு பேராகப் போகிறவர்களுக்கு என்றிருக்கட்டும். மாப்பிள்ளையிடம் இதைச் சொன்னேன். "அத்தை, நான் வாங்கலேன்னா வேற ஒருத்தர் வாங்குவார்" என்றார். அப்பா வராததால் தாம்பரத்தில் ஓர் எறும்பு கூடுதலாகப் பிழைத்ததா என்று கேட்பது போலத்தான் இது. அப்பா அப்படிக் கேட்டுக்கொள்ளவில்லை. தன் காலுக்கு மட்டும் பொறுப்பேற்றார்.

ஊரறிந்த எல்லை ஒன்றை உலகமும் வகுத்துக்கொண்டது. 2015இல் பாரிஸில், புவியின் வெப்ப உயர்வை 1.5 டிகிரிக்குள் நிறுத்த முயல்வோம் என்று ஒப்புக்கொண்டார்கள். 2024ஆம் ஆண்டின் சராசரி அந்தக் கோட்டுக்கு மேலே போனது. ஓராண்டுச் சராசரியைக் கொண்டு ஒப்பந்தம் முறிந்தது என்று கொள்வதில்லை, தெரியும். ஆனால் அந்தச் செய்தியைப் பற்றி என் தெருவில் ஒருவரும் பேசவில்லை.

திசை விரதத்துக்கு ஐந்து குற்றங்கள். மேலே தாண்டுவது, கீழே தாண்டுவது, பக்கத்தில் தாண்டுவது, எல்லையை விரிப்பது. ஐந்தாவது, எல்லையை மறப்பது. கடைசி ஆண்டில் அப்பாவுக்கு நினைவு தப்பத் தொடங்கியது. பெயர்கள் போயின, சாப்பிட்டாரா இல்லையா என்பது போயிற்று. அவர் பயந்தது இந்த ஐந்தாவது குற்றத்துக்கு. விடிந்ததும் திண்ணையில் உட்கார்ந்து தம்பியைக் கூப்பிடுவார்.

"வடக்கே எதுடா?"

"பாலாறுப்பா."

"தெற்கே?"

"தென்பெண்ணை."

நான்கும் சொல்லி முடிந்த பிறகுதான் செருப்பைப் போடுவார்.