உச்சிப்பொழுதும் ஒரு மீற்றர் குழாயும்

ஏப்ரல் பிறந்ததும் வளிமண்டலவியல் திணைக்களத்தின் வானிலை அறிவித்தலில் ஒரு செய்தி சேர்ந்துகொள்ளும். சூரியன் இலங்கைக்கு நேராக உச்சம் கொடுக்கிறது; இன்று நண்பகல் 12.12 மணியளவில் இன்னின்ன ஊர்களுக்கு மேலே நிற்கும். அந்த ஊர்ப்பெயர்கள் நாளுக்கு நாள் வடக்கே ஏறிக்கொண்டு போகும். தெய்வேந்திரமுனையில் தொடங்கி, 7ஆம் திகதியை ஒட்டிக் கொழும்பைக் கடந்து, புத்தாண்டோடு யாழ்ப்பாணத்தைத் தொடும். காலி வீதியில் புத்தாண்டு உடுப்பு வாங்க நெருக்கியடிக்கும் சனத்துக்கு அது வெறும் வெக்கை. எனக்கு அந்த 12.12 சின்ன வயதிலிருந்தே மண்டைக்குள் குடைந்துகொண்டிருந்தது. சூரியன் உச்சியில் நிற்பதுதானே நண்பகல்? பிறகு ஏன் சரியாகப் பன்னிரண்டு மணிக்கு இல்லை?

காரணம் நாங்கள் கையில் கட்டியிருக்கும் நேரம் எங்களுடைய ஊர் நேரம் இல்லை என்பதுதான். 1906 முதல் இலங்கையும் இந்தியாவும் 82.5 பாகை கிழக்கு நெடுங்கோட்டை வைத்து மணியைக் கணக்கிடுகின்றன. அந்தக் கோடு இந்தியாவில் மிர்சாப்பூர்ப் பக்கமாகப் போகிறது. இலங்கையில் அது கரையையே தொடுவதில்லை. மட்டக்களப்புக்கும் அப்பால் கிழக்குக் கடலில் இறங்கிவிடுகிறது. கொழும்பு அந்தக் கோட்டிலிருந்து ஏறக்குறைய 2.6 பாகை மேற்கே இருக்கிறது. பூமி ஒரு பாகை சுழல நான்கு நிமிடம் எடுக்கும். ஆகவே எங்கள் உச்சி சராசரியாகப் பத்தரை நிமிடம் பிந்துகிறது. அதற்கு மேல் பூமியின் சாய்வும், அது சூரியனைச் சுற்றும் பாதையின் நீள்வட்டமும் தங்கள் பங்குக்குக் கூட்டிக் குறைக்கின்றன. அதனால்தான் பெப்ரவரியில் கொழும்பின் உச்சி 12.25 வரை பிந்துகிறது, நவம்பர் தொடக்கத்தில் 11.54க்கே வந்துவிடுகிறது. வெள்ளவத்தைக் கடற்கரையில் சூரியன் மிக வெள்ளன மறைவதும் டிசம்பரில் அல்ல, நவம்பரில். தண்டவாளத்தோரம் மாலை நடை போகிறவர்கள் அடுத்த நவம்பரில் இதைக் கவனித்துப் பார்க்கலாம்.

மணிக்கூடு மனிதர் செய்துகொண்ட ஓர் இணக்கம் மட்டுமே என்பதை எங்களைப்போல் அனுபவித்தவர்கள் குறைவு. 1996இல் மழை பொய்த்து, நீர்மின் நிலையங்கள் முடங்கி, மின்வெட்டு வாட்டியபோது, அரசாங்கம் மே 25ஆம் திகதி நாட்டின் நேரத்தை ஒரு மணித்தியாலம் முன்னே தள்ளியது. ஒக்டோபரில் அரை மணித்தியாலம் திருப்பிக் கொடுத்தது. மிச்ச அரை மணித்தியாலம் 2006 ஏப்ரல் 15இல்தான் திரும்பக் கிடைத்தது. இடையில் வந்த 1996 செப்டம்பரில் கொழும்பில் நிழல் காலடிக்குள் ஒடுங்கியபோது மணிக்கூட்டில் பிற்பகல் 1.09. கலியாணத்துக்கு நாள் குறித்தாலும் பிரயாணம் சொன்னாலும் "பழைய நேரமோ, புது நேரமோ?" என்று கேட்காமல் பேச்சு நகராது. சூரிய உதயத்திலிருந்து எண்ணப்படும் இராகுகாலத்துக்கு அரசாங்கத்தின் மணி எப்படித் தெரியும்? திங்கட்கிழமை ஏழரைக்குத் தொடங்குவதை எட்டரைக்கு மாற்றித்தான் வாசிக்க வேண்டியிருந்தது. புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த வன்னியில் பழைய நேரமே நீடித்தது. 2002இல் ஏ9 பாதை திறந்து போய்வந்தவர்கள் ஓமந்தையைத் தாண்டியதும் கைக்கடிகாரத்தில் அரை மணித்தியாலத்தைக் குறைக்க வேண்டியிருந்தது. ஒரே தீவில், ஒரே சூரியனுக்குக் கீழே, இரண்டு நேரம். அந்தப் பத்து வருடத்தை நினைக்கும்போது இன்றும் மனம் கனக்கிறது.

சூரியனோ தன் பாட்டில் வந்து போனது. அதையே நேராகப் பார்த்து ஏதாவது அளந்தால் என்ன என்று அக்காவின் மகன் ஒருநாள் கேட்டான். பள்ளிக்கூடத்தில் எரத்தோஸ்தனீசைப் பற்றிப் படித்துவிட்டு வந்திருந்தான். கிறிஸ்துவுக்கு முன் மூன்றாம் நூற்றாண்டில், எகிப்தின் சையீனில் சூரியன் உச்சியில் நின்ற நாளில் அலெக்சாந்திரியாவில் விழுந்த நிழலைக் கொண்டு பூமியின் சுற்றளவைக் கணித்தவர் அவர். "மாமா, எங்களுக்கு யாழ்ப்பாணத்தில ஆள் இருக்கெல்லோ?" என்றான்.

ஆள் இருந்தது. வெள்ளவத்தையில் எந்த வீட்டுக்குத்தான் இல்லை? கொக்குவிலில் சித்தப்பா. உச்சி கொழும்பைக் கடக்கும் நாளில், எங்கள் தொடர்மாடியின் மேல்தட்டில் ஒரு மீற்றர் நீளத்துக்கு வெட்டிய பிவிசி குழாயோடு நாங்கள்; அதே நீளத் தடியோடு தன் முற்றத்தில் அவர்; இடையில் கைத்தொலைபேசி. மணி 12.10க்குக் குழாயை நிலத்திலிருந்து ஒரு விரலளவு உயர்த்தி நேராகப் பிடித்தோம். சீமெந்துத் தரையில் வளையம்போல ஒரு நிழல், அதன் ஓரத்தில் பிறை மாதிரி வெளிச்சம். பிறை மெல்ல மெல்லப் பருத்து, குழாயின் ஓட்டை வழியே வெயில் முழுவட்டமாகத் தரையில் விழுந்தது. வெளிப்பக்கத்தில் எந்தத் திசையிலும் நிழல் நீளவில்லை. பையன் மூச்சுவிடாமல் பார்த்துக்கொண்டிருந்தான்.

"தூக்குக்குண்டு போட்டுத்தான் தடியை நட்டனான்," என்று தொலைபேசியில் சித்தப்பா. "நிழல் வடக்கால விழுகுது தம்பி. நாலே முக்காலுக்கும் அஞ்சுக்கும் நடுவில நிக்குது. விளிம்பு கலங்கலாக் கிடக்கு, அதுக்கு மேல துல்லியமாச் சொல்ல ஏலாது."

விளிம்பு கலங்கலாக இருப்பதற்கும் காரணம் உண்டு. சூரியன் ஒரு புள்ளி அல்ல. வானத்தில் அரைப் பாகை அகலம் உள்ள தட்டு. அதனால்தான் வெள்ளவத்தைக்கும் கொட்டாஞ்சேனைக்கும் இடையில் ஒரு மீற்றர் தடியின் நிழல் ஏறக்குறைய ஒரு மில்லிமீற்றர் வித்தியாசப்பட்டாலும் கண்ணுக்குப் பிடிபடாது. யாழ்ப்பாணம் வரை போனால்தான் தெரியும்.

கணக்கு ஒரு துண்டுக் கடதாசியில் அடங்கியது. ஒரு மீற்றர் ஆரை உள்ள வட்டத்தின் சுற்றளவு 628 சென்ரிமீற்றர். நிழல் ஐந்து சென்ரிமீற்றர் என்றால் அது வட்டத்தில் ஏறக்குறைய 126இல் ஒரு பங்கு. நாலே முக்கால் என்றால் 132இல் ஒரு பங்கு. வெள்ளவத்தைக்கும் யாழ்ப்பாணத்துக்கும் நேர்கோட்டில் 310 கிலோமீற்றர். பெருக்கினால் பூமியின் சுற்றளவு 39,000க்கும் 41,000 கிலோமீற்றருக்கும் இடையில். துருவங்கள் வழியாக உண்மையான அளவு 40,008. எரத்தோஸ்தனீசின் இரண்டு நகரங்களும் மூன்று பாகை கிழக்கு மேற்காக விலகியவை. எங்களுடையவை கிட்டத்தட்ட ஒரே நெடுங்கோட்டில் நிற்கின்றன.

அக்கா கேட்டாள்: "கூகிளில அடிச்சால் ஒரு செக்கனில வருமே, இதுக்கு ஏன் ரெண்டு பேரும் வெயிலில காயுறியள்?" நியாயமான கேள்வி, அதை நான் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன். பூமியின் சுற்றளவு எனக்குப் பாடமாகவே தெரியும். ஆனால் அது வேறு யாரோ அளந்து எனக்குச் சொன்னது. இப்போது கொக்குவில் முற்றத்து நிழலும் எங்கள் மேல்தட்டின் வெளிச்ச வட்டமும் அந்த எண்ணுக்குள் இருக்கின்றன. இனி அதை யாரும் மறுத்தால் என்னால் எழுந்து நின்று பேச முடியும். வளர்ந்தவர்கள் கேள்வி கேட்பதை நிறுத்துவது விடை கிடைத்துவிட்டதால் அல்ல, விடை எங்கேயோ இருக்கிறது என்ற நிம்மதியால்தான் என்று நினைக்கிறேன். அந்த நிம்மதியை நான் அவ்வளவாக நம்புவதில்லை. சித்தப்பாவும் நம்புவதில்லை என்பது அன்று பின்னேரமே தெரிந்தது. மூன்று மீற்றர் தடி என்றால் பிழை குறையுமோ என்று கேட்டு அவரே அழைத்தார். குறையாது, தடி நீள நீள விளிம்பின் கலங்கலும் சேர்ந்தே அகலும். அதை விளங்கிக்கொள்ள எங்கள் மூவருக்கும் ஒரு நெடுநேரப் பேச்சு வேண்டியிருந்தது.

பையனுடைய அடுத்த கேள்வி கிழக்கைப் பற்றியது. மட்டக்களப்பில் உச்சி கொழும்பைவிட ஏழு நிமிடம் முந்தி வருகிறது. அந்த ஏழு நிமிடத்தையும் கையால் அளக்க முடியுமா? இதற்கு நிழலின் நீளம் போதாது, அது மிகக் குட்டையாகும் கணத்தையே பிடிக்க வேண்டும். செப்டம்பர் முதல் வாரத்தில் சூரியன் தெற்கே திரும்பும் வழியில் மறுபடி எங்களுக்கு மேலே வரும். அதற்குள் மட்டக்களப்பில் முற்றமும் பொறுமையும் உள்ள ஒருவரைத் தேடிக்கொண்டிருக்கிறோம்.